கழட்டலாம், பூட்டலாம், ஓட்டேலாது

கன நாளாய் இந்தப் பக்கம் நான் எட்டிப் பார்க்கேல்லை. "ஆள் எழுதிறதை விட்டிட்டான், நாங்கள் தப்பினம்" எண்டு சந்தோசப்பட்டவை மன்னிக்க வேணும். எழுதாததுக்குக் காரணம் சோம்பல் இல்லை (சரி, அதுவும்தான்). முக்கியமான காரணம் என்ர வான். இன்னும் சரியாச் சொன்னா, அந்த வானின்ர டாஷ்போட்டுக்குக் கீழ, ஆக்கள் காலை நீட்டிற இடத்துக்குப் பக்கத்தில ஒளிச்சிருக்கிற, ஒரு சாப்பாட்டுப் பெட்டியளவு சாமான்.

புதுசா வாசிக்கிறவைக்கு: நான் ரொறன்ரோவில ஃபேர்னஸ் திருத்திறவன். வீட்டின்ர நிலக்கீழ் அறைக்குள்ள இருந்து, காஸ் எரிச்சு, வீடு முழுக்கச் சூட்டுக்காத்து அனுப்பிற மெசின்தான் ஃபேர்னஸ். நல்லூர்த் திருவிழா 25 நாள். எனக்கு மார்கழியில கொடியேறினா பங்குனி வரைக்கும் திருவிழாதான். அந்த நாலு மாத உழைப்பிலதான் மிச்ச எட்டு மாதமும் வீட்டில உலை கொதிக்கும். அந்த உழைப்பு முழுக்க ஒரு வெள்ளை வானுக்குள்ள அடங்கியிருக்கு. ஆயுதம், மீற்றர், பாட்ஸ், ஏணி எல்லாம் அதுக்குள்ளதான்.

2025 தை மாதம் ஒரு விடியக்காலமை, ஆறரை மணியிருக்கும். ஸ்காபரோவில இருந்து ஒரு அம்மா ரெலிபோன் எடுத்தா. "தம்பி, இரவு முழுக்க ஃபேர்னஸ் வேலை செய்யேல்லை. பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல். கெதியா வாரும்." வெளியில சைபருக்குக் கீழ 18 பாகை. ஓடிப் போய் வானுக்குள்ள ஏறித் திறப்பைத் திருப்பினா ஒரு சத்தமும் இல்லை. டாஷ்போட்டில ஒரு சின்னச் சிவப்புப் பூட்டுப் படம் மட்டும் கண்ணடிச்சுக் கொண்டு நிண்டுது. திறப்பு கையில, வான் என்ர பேரில, ஆனா வானுக்கு என்னைத் தெரியேல்லை!

அதைவிடப் பகிடி என்னெண்டா, பின் கதவும் திறக்கேல்லை. கையால திறப்புப் போட்டுத் திறக்கிற ஓட்டை சாரதிக் கதவில மட்டும்தான் இருக்கு. மிச்சக் கதவெல்லாம் மின்சாரப் பூட்டு. முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில இரும்புத் தகட்டு மறைப்பு வேற. என்ர ஆயுதப் பெட்டி ஆறடி தூரத்தில, தகட்டுக்கு அங்கால இருக்கு. எடுக்கேலாது. கடைசியில மனுசியின்ர காரை எடுத்துக் கொண்டு, மச்சானிட்டை ஆயுதம் இரவல் வாங்கிக் கொண்டு போனன். அந்த அம்மா வீட்டுக் கதை கொஞ்சம் பொறுத்து. இந்தப் பதிவின்ர சாரமே அதுதான்.

முதல்ல இந்தச் சாமான் என்னெண்டு சொல்லுறன். பொடி கொன்ட்ரோல் மொடியூல், சுருக்கமா பிசிஎம். பழைய வாகனங்களில லைற் சுவிச்சைத் தட்டினா மின்சாரம் சுவிச்சுக்குள்ளால, ரிலேக்குள்ளால போய்க் குமிழை எரிக்கும். பாதையைக் கண்ணாலயே பார்க்கலாம். இப்ப அப்பிடியில்லை. சுவிச் எண்டது வெறும் விண்ணப்பப் படிவம். "லைற் போடட்டோ?" எண்டு அது பிசிஎம்மிட்டைக் கேக்கும், பிசிஎம் அனுமதி குடுத்தாத்தான் எரியும். வைப்பர், ஹோர்ன், கதவுப் பூட்டு, உள் லைற் எல்லாம் அதின்ர கையில. என்ர வான் மாதிரிக் கன வாகனங்களில, திறப்புக்குள்ள இருக்கிற சிப்பைப் பார்த்து "இது எங்கட ஆள்தான்" எண்டு இஞ்சினுக்குச் சொல்லிறதும் அதேதான். வாகனத்தில இருக்கிற மற்ற கணனிகளோட அது முறுக்கின ரெண்டு வயரில கதைக்கும். அந்தக் கதை நிண்டா வானும் நிண்டது.

உண்மையில எனக்கு முன்னறிவித்தல் வந்தது. ஐப்பசியில ஒருநாள் மழையே இல்லாமல் வைப்பர் தானா ஆடிச்சுது. பிறகு இரவில கதவுப் பூட்டுகள் 'டக் டக்' எண்டு தன்ர பாட்டில அடிச்சுது. ரெண்டு தரம் பற்றறி இறங்கிச்சுது. நான் என்ன செய்தன்? புதுப் பற்றறி வாங்கிப் போட்டன். ஃபேர்னஸில சனம் இப்பிடிச் செய்தா நான் நல்லாப் பேசுவன். "அறிகுறியைப் பார்க்காமல் சாமானை மாத்திறியள்" எண்டு. என்ர வானுக்கு நானே அதைத்தான் செய்தன்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு மெக்கானிக் அண்ணை இருக்கிறார். இருபது வருசமா கராஜ் வச்சிருக்கிறவர். வானை அங்க இழுவை வண்டியில கொண்டுபோனன். அவர் செய்த விதத்தை எழுதத்தான் வேணும், ஏனெண்டா இந்த வருத்தம் வந்தா உங்களுக்கும் உதவும். எடுத்த உடன "மொடியூல் போட்டுது, மாத்து" எண்டு அவர் சொல்லேல்லை. முதல்ல பற்றறி வோல்ற்றேஜ் பார்த்தார். பிறகு நெகட்டிவ் வயர் வானின்ர உடம்போட சேருற இடங்களைச் சுரண்டிப் பார்த்தார். இந்த நாட்டில ரோட்டுக்கு உப்புப் போட்டுப் போட்டு எல்லா இடமும் கறள்தானே. பற்றறியைக் கழட்டிப் போட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழ இருக்கிற சோதனைப் பிளக்கின்ர 6 ஆம், 14 ஆம் ஊசிகளுக்கு நடுவில தடையை அளந்தார். அங்க ஏறத்தாழ 60 ஓம் வரவேணும், ஏனெண்டா அந்த ரெண்டு வயரின்ர ரெண்டு முனையிலும் 120 ஓம் தடை ஒவ்வொண்டு இருக்கு. 120 வந்தா ஒரு பக்கம் அறுந்திருக்கு, சைபருக்குக் கிட்ட வந்தா வயர் ரெண்டும் முட்டுது. எனக்கு 60 வந்தது. வயரில பிழையில்லை எண்டு தெரிஞ்ச பிறகுதான் பிசிஎம்மைக் கழட்டினார்.

கனெக்டரை இழுத்த உடன ரெண்டு பேரும் ஒண்டும் கதைக்கேல்லை. ஊசியெல்லாம் பச்சைப் பசேலெண்டு பூத்துப் போய்க் கிடந்தது. தண்ணி.

"தம்பி, தண்ணி எங்கால வருது எண்டு பார்க்காமல் புதுசு போட்டா அடுத்த வருசமும் என்னட்டை வருவீர்" எண்டார். தேடினா, கூரைக்கு மேல இருக்கிற மஞ்சள் சுழல் லைற். அதின்ர வயருக்கு ரெண்டு வருசத்துக்கு முதல் கூரையில ஓட்டை போட்டுச் சிலிக்கோன் பூசினது ஆர்? வேற ஆர், நான்தான். சிலிக்கோன் வெடிச்சு, தண்ணி உள்கூரைத் துணிக்குள்ளால ஓடி, கண்ணாடியோரத் தூணால இறங்கி, நேராப் பிசிஎம்முக்கு மேல அபிசேகம். ஆகவே சாமான் பழுதானதுக்கு நான் ஒருத்தரையும் குறை சொல்ல வரேல்லை. முழுக்க என்ர பிழை. வேலை வான் வச்சிருக்கிறவையே, ஏணிக்கும் லைற்றுக்கும் கூரையில ஓட்டை போட்டிருந்தா இண்டைக்கே ஏறிப் பாருங்கோ. இன்வேர்ட்டர் வயரைக் கண்ட இடத்தில கொளுவியிருந்தா அதையும் பாருங்கோ.

குறை சொல்ல வந்தது அதுக்குப் பிறகு நடந்ததை.

புதுப் பிசிஎம் 640 டொலர். காசு கட்டினன், மூண்டு நாளில வந்தது. அண்ணை அதைப் பூட்ட எடுத்த நேரம் இருபத்தைஞ்சு நிமிசம். நாலு ஆணி, அஞ்சு கனெக்டர். ஆனா வான் ஸ்ரார்ட் வராது எண்டு அவர் முதலே சொல்லிப் போட்டார். புது மொடியூல் வெறும் மூளை. இந்த வானின்ர வின் நம்பர் அதுக்குத் தெரியாது. இந்த வானுக்குப் பக்கக் கதவு ஒண்டோ ரெண்டோ, என்ன லைற் பூட்டினது எண்டும் தெரியாது. முக்கியமா என்ர திறப்பைத் தெரியாது. அதெல்லாத்தையும் கொம்பனியின்ர மென்பொருளால சொல்லிக் குடுக்க வேணும்.

"உங்களால சொல்லிக் குடுக்கேலாதோ அண்ணை?"

"மற்றதெல்லாம் ஏலும். திறப்பு விசயத்துக்குத் தனி அனுமதி. இந்தக் கொம்பனிக்கு வேற மென்பொருள், வேற சந்தா. என்னட்டைப் பத்துக் கொம்பனி வாகனம் வருது. பத்துக்கும் கட்டினா நான் என்னத்தைச் சாப்பிடிறது?"

பிறகென்ன, திருப்பி இழுவை வண்டி. கொம்பனி விற்பனை நிலையத்தில அந்த வேலை தெரிஞ்சவர் ஒரே ஒராள்தானாம், ஒன்பது நாள் பொறுக்கச் சொல்லிச்சினம். ஒன்பது நாளும் நான் நாள் வாடகைக்கு ஒரு வான் எடுத்து ஓடினன். பத்தாம் நாள் ஒரு பெடியன் மடிக்கணனியைக் கொளுவினான். முக்கால் மணித்தியாலம். 380 டொலர். வான் "உறும்" எண்டு எழும்பிச்சுது. சாமானுக்கு 640, அதை என்ர சாமானாக்கிறதுக்கு 380, இழுவைக்கும் வாடகை வானுக்கும் அதைவிடக் கூட. அந்தப் பெடியனில எனக்கு ஒரு கோவமும் இல்லை. நல்ல மரியாதையான பிள்ளை.

இப்ப அந்த அம்மா வீட்டுக் கதை.

அண்டைக்கு அவ வீட்டு ஃபேர்னஸில போனது என்ன தெரியுமோ? கொன்ட்ரோல் பலகை. ஃபேர்னஸின்ர பிசிஎம் எண்டு சொல்லலாம். புகை வெளியேத்திற விசிறி சுத்துதோ, காஸ் வால்வைத் திறக்கலாமோ, நெருப்புப் பத்திச்சுதோ எண்டெல்லாம் தீர்மானிக்கிறது அதுதான். அதில ஏதும் பிழை விட்டா வைப்பர் தானா ஆடிறதோட நிக்காது. வீட்டுக்குள்ள காஸ் நிறையும், இல்லாட்டிக் காபன் மொனொக்சைட் நிறையும். அதுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நித்திரையிலயே ஆள் முடிஞ்சுது.

அவ்வளவு ஆபத்தான பலகையை நான் எப்பிடி மாத்தினன்? மொத்த வியாபாரக் கடைக்குப் போனன். கன கொம்பனி ஃபேர்னஸுகளுக்குப் பொருந்திற பொதுப் பலகை ஒண்டு வாங்கினன். வயர்களை மாத்திக் குத்தினன். பலகையில இருக்கிற குட்டிக் குட்டி ஆளிகளை அந்த ஃபேர்னஸுக்கு ஏத்த மாதிரி வச்சன். புகை போகுதோ, காஸ் அழுத்தம் சரியோ எண்டு அளந்து பார்த்தன். ஒரு மணித்தியாலத்தில வீடு சூடாச்சுது. பேரப்பிள்ளைக்கு அம்மா கஞ்சி பருக்கினா, எனக்கு இஞ்சித் தேத்தண்ணி. ஆரிட்டையும் நான் ரகசிய எண் கேக்கேல்லை. "இந்தப் பலகை இந்த வீட்டுக்குரியதுதானோ?" எண்டு ஃபேர்னஸும் என்னைக் கேக்கேல்லை.

அப்ப எல்லாரும் கண்டபடி ஃபேர்னஸில கை வைக்கலாமோ? இல்லை. இந்த மாகாணத்தில காஸ் வேலைக்கு லைசென்ஸ் வேணும். ரிஎஸ்எஸ்ஏ எண்ட பாதுகாப்பு அதிகாரசபைதான் அதைக் குடுக்கிறது. ஜி3 எடுத்து இன்னொருத்தருக்குக் கீழ வேலை பழகி, பிறகு சோதினை எழுதி ஜி2 எடுத்தவன் நான். பிழை விட்டா லைசென்ஸ் போகும், சோறும் போகும். அதாவது பாதுகாப்புக்கு இவை பூட்டினது பலகையை இல்லை, ஆளை. பலகை கடையில சும்மா கிடக்கு.

என்ர மெக்கானிக் அண்ணையும் இதே மாதிரித்தான். ஒன்ராறியோவில வாகனம் திருத்திறதுக்கு 310எஸ் சான்றிதழ் கட்டாயம். அது அவரின்ர கராஜ் சுவரில கண்ணாடி போட்டுத் தொங்குது. பிரேக் மாத்திறதுக்கு அவரை நம்புறியள். பிரேக் பிழைச்சா ஆள் சாகும். ஸ்டியரிங் மாத்த நம்புறியள். காசு குடுத்து வாங்கின ஒரு பெட்டிக்கு, அதே வானின்ர நம்பரைச் சொல்லிக் குடுக்க மட்டும் அவரை நம்பமாட்டியளோ?

உடன ஒரு கேள்வி வரும். "அதைத் திறந்து விட்டா வாகனம் களவு போகாதோ?" நியாயமான கேள்விதான். கனடாவில 2007 புரட்டாதி 1 ஆம் திகதியில இருந்து கிட்டத்தட்ட எல்லாப் புது வாகனங்களுக்கும் இம்மொபிலைசர் கட்டாயம். சும்மா வயரை உரசி ஸ்ரார்ட் பண்ணிற பழைய களவுக்கு அது நல்ல மருந்து. வேண்டாம் எண்டு நான் சொல்லமாட்டன்.

ஆனா பிறகு என்ன நடந்தது எண்டு ரொறன்ரோக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. வாகனக் களவு கூடிக் கூடி, 2024 மாசி 8 ஆம் திகதி ஒட்டாவாவில மத்திய அரசு அதுக்கெண்டே ஒரு தேசிய மாநாடு வச்சது. வீட்டு வாசலில நிண்டு உள்ளுக்கிருக்கிற திறப்பின்ர சிக்னலை நீட்டி எடுக்கிறாங்கள். அதே சோதனைப் பிளக்கில கருவியைக் கொளுவிப் புதுத் திறப்பை வானுக்குச் சொல்லிக் குடுக்கிறாங்கள். முன் லைற்றுக்குப் பின்னால போற வயரில கொளுவியே வாகனத்தைத் திறக்கிறாங்கள். கள்ளனிட்டைக் கருவி இருக்கு, சந்தாவும் தேவையில்லை. அவனுக்கு ரெண்டு நிமிச வேலை. எனக்கு ஒன்பது நாள். வாகனத்தைப் பூட்டிறதும் திருத்திற ஆளைப் பூட்டிறதும் ரெண்டு வேற விசயம். முதலாவதை இன்னும் இறுக்குங்கோ, ரெண்டாவதைத் திறந்து விடுங்கோ எண்டுதான் சொல்லுறன்.

இது ஒண்டும் நடக்காத காரியமில்லை. அமெரிக்காவில நாஸ்டஃப் எண்டொரு அமைப்பு, திறப்பு வேலை செய்யிற மெக்கானிக்மாரையும் பூட்டுக்காரரையும் பின்னணி விசாரிச்சுப் பதிவு செய்யுது. பதிவு செய்த ஆள் வாகனம் ஆருடையது எண்டு உறுதிப்படுத்தி, பதிஞ்சு வச்சுத்தான் அந்த வேலையைச் செய்யலாம். பிழை நடந்தா ஆர் செய்தது எண்டு பிடிக்கலாம். என்ர ஜி2 மாதிரியேதான். மசசூசெற்ஸ் சனம் 2012 இலயும் 2020 இலயும் ரெண்டு தரம் வாக்குப் போட்டுத் "திருத்திற உரிமை"யைச் சட்டமாக்கிச்சினம். முதல் வாக்கெடுப்புக்குப் பிறகு, 2014 இல வாகனக் கொம்பனிகளும் திருத்துநர் சங்கங்களும் அமெரிக்கா முழுக்கப் பொருந்திற உடன்பாடு ஒண்டுக்கு வந்தவை.

எங்கட நாட்டிலயும் 2009 இல காசிஸ் எண்ட ஒப்பந்தம் வந்தது. கொம்பனிகள் தனிக் கராஜுகளுக்கும் தகவலும் கருவியும் தரவேணும் எண்டது அது. நல்ல விசயம். ஆனா சட்டமில்லை, தாங்களா விரும்பி ஒப்புக்கொண்டது. விலையையும் சந்தாவையும் கேக்க ஆளில்லை. 2023 இல கியூபெக் ஒரு சட்டம் கொண்டு வந்து, வாகனத்தின்ர தரவைச் சொந்தக்காரரும் அவர் சொல்லிற திருத்துநரும் பார்க்க வழி செய்யச் சொல்லிச்சுது. 2024 கார்த்திகையில சி-244 எண்ட மத்திய சட்டம் நிறைவேறிச்சுது. திருத்திறதுக்காக டிஜிற்றல் பூட்டை உடைச்சா அது பதிப்புரிமைக் குற்றமில்லை எண்டு அது சொல்லுது. கேக்க வடிவாத்தான் இருக்கு. ஆனா யோசிச்சுப் பாருங்கோ: "பூட்டை உடைச்சா உன்னைப் பிடிக்கமாட்டம்" எண்டுறதும், "இந்தா திறப்பு" எண்டுறதும் ஒண்டோ? திறப்பைத் தரச் சொல்லி அதில இல்லை. மெக்கானிக் அண்ணை இந்த வயசில கணனிப் பூட்டு உடைக்கப் பழகவோ?

நான் கேக்கிறது பெரிசா ஒண்டுமில்லை. சான்றிதழ் உள்ள மெக்கானிக் ஒரு தரம் பதிஞ்சா எல்லாக் கொம்பனி வாகனத்துக்கும் அந்தப் பதிவு செல்ல வேணும். ஒரு நாளுக்கு, ஒரு வாகனத்துக்கு எண்டு நியாயமான காசு வாங்கட்டும், தாறம். மொடியூல் விக்கேக்கையே "இதைப் பழக்க இவ்வளவு செலவு, இன்ன ஆக்கள்தான் செய்யலாம்" எண்டு பெட்டியில எழுதட்டும். இதெல்லாம் விருப்பமிருந்தாச் செய்யிறது எண்டில்லாமல் சட்டமா இருக்க வேணும்.

அதுவரைக்கும், பட்டவன் சொல்லுறன், கேளுங்கோ. பழைய மொடியூல் முற்றாகச் சாக முதல், அதுக்குள்ள இருக்கிற வானின்ர விபரத்தை மெக்கானிக்கைக் கொண்டு வாசிச்சுச் சேமிச்சு வையுங்கோ. பழசை எறியாதேங்கோ. சில மொடியூல்களில ஞாபகச் சிப்பை வாசிச்சு இன்னொண்டுக்குப் பிரதி எடுக்கிற ஆக்கள் இருக்கினம். ஸ்க்ராப் யார்ட்டில மலிவாக் கிடைக்குது எண்டு வாங்க முதல், அதுக்குள்ள வேற வானின்ர நம்பரும் வேற ஆளின்ர திறப்பும் இருக்கும் எண்டதை மறக்காதேங்கோ. புது மூளைக்குப் பாடம் சொல்லிக் குடுக்கேக்கை பற்றறிக்கு சார்ஜர் கொளுவியிருக்க வேணும், நடுவில வோல்ற்றேஜ் விழுந்தா புதுசும் பழுதாகலாம். போகேக்கை உங்களிட்டை இருக்கிற எல்லாத் திறப்பையும் கொண்டு போங்கோ. ஒண்டு வீட்டில கிடந்தா அது பிறகு வேலை செய்யாமல் போகலாம்.

போன கிழமை அந்த அம்மா திருப்பி ரெலிபோன் எடுத்தா. ஃபேர்னஸுக்கு ஒரு வருத்தமும் இல்லையாம். "தம்பி, உம்மட வான் சுகமாகீட்டுதோ? அண்டைக்குக் காரில ஏணி இல்லாமல் வந்து நிண்டனீர், பாவமா இருந்தது" எண்டா. சுகம் எண்டன். கூரையில இருந்த ஓட்டையை இப்ப தகடு வச்சு அடைச்சாச்சு. மஞ்சள் லைற் காந்தத்தில ஒட்டி நிக்குது. தேவையெண்டா எடுக்கலாம், தேவையெண்டா வைக்கலாம், அதுக்கு ஒருத்தரிட்டையும் அனுமதி தேவையில்லை.

உங்களுக்கும் இப்பிடி ஏதும் நடந்திருந்தா எழுதுங்கோ, கேப்பம். "எல்லாம் களவைத் தடுக்கத்தான், நீர் சும்மா கத்திறீர்" எண்டு நினைக்கிறவையும் எழுதுங்கோ. வான் ஓடுது, ஆன படியா இப்ப நல்ல மனநிலையிலதான் இருக்கிறன் :-)